ஒரு சாண் வெளிச்சத்தில் இரண்டு கேமராக்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு படக்கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் கேமராவும் ஃபிலிமும் விற்பார்கள். நடுவில் ஸ்டூடியோ. அதற்கும் பின்னால் காற்றே நுழையாத ஒரு பொந்து, அதுதான் டார்க்ரூம். அந்தப் பொந்துதான் என் இடம். ஃபிலிம் கழுவுவேன், படம் போடுவேன், போட்ட படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் மெல்லிய தூரிகையால் அடைப்பேன். இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுக்க இன்னொருவன் இருந்தான். என் வயதுதான், என் நண்பன். அப்பா காலத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டு, ஈப்போவின் ஓரத்தில் இருக்கிற புந்தோங்குக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். மாதா கோயில் கல்யாணம் என்றால் கடை முதலாளி தவுக்கே அவனைத்தான் அனுப்புவார். பூசை நடக்கும்போது பிளாஷ் அடிக்கக் கூடாது என்று சாமியார் கறாராகச் சொல்லிவிடுவார். மெழுகுவர்த்தியும் இரண்டு குழல் விளக்கும் தருகிற வெளிச்சத்தில் மோதிரம் மாற்றுவதைப் பிடித்தாக வேண்டும். அதற்காகவே லென்ஸை அகலத் திறக்கக்கூடிய கேமரா ஒன்றை வாங்கி, அதைப் பெண்டாட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டான்.

என்னிடம் இருந்தது சின்னக் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது. எவ்வளவு திறந்தாலும் அவன் கேமராவுக்குள் போகிற வெளிச்சத்தில் அரைக்கால் பங்குதான் அதற்குள் போகும் என்று அவன் கேலி செய்வான். உண்மையில் கால் பங்கு. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்குள்ளே, பிளாஷ் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தில் யார் கேமரா நன்றாக எடுக்கிறது என்று இரண்டு வருஷம் சண்டை போட்டோம்.

சண்டையைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். புந்தோங்கில் அவன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தாளை ஒட்டுவோம். மேலே நாற்பது வாட்ஸ் பல்பு. பிஸ்கட் டின்னின் மேல் கேமராவை வைத்து ஆளுக்கு நாலு படம். மறுநாள் டார்க்ரூமில் ஒரே அளவில் படம் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எந்தப் படத்தில் எத்தனை வரி படிக்க முடிகிறது என்று எண்ணுவோம். அதிக வரி யாருக்கோ அவன் ஜெயித்தான்.

பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். அவன் லென்ஸை அகலத் திறந்தால் ஓர எழுத்தெல்லாம் குழைந்துபோகும். நான் ஷட்டரை நிதானமாகத் திறந்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவர் எங்கே ஓடப் போகிறது? எழுத்துகள் கடைசி வரி வரைக்கும் பிடிபடும்.

"செவுத்தையே எடுத்துக்கிட்டு இரு லா மச்சான்," என்பான் அவன். "ஒரு மனுஷன எடுத்துப் பாரு, அப்ப தெரியும்."

தோற்றவன் பேச்சு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். தாப்பா ஊரிலிருந்து உள்ளே போகிற ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, பலகைச் சுவர். பலகை இடுக்குகளில் காற்று வராமல் இருக்கப் பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்தார்கள். பையன் பிறந்தான். உதடும் நகமும் நீலமாக இருந்தன. இதயத்தில் ஓட்டை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். எடை கொஞ்சம் ஏறினால் கோலாலம்பூருக்கு அனுப்பலாம், அதுவரை தாங்க வேண்டும் என்றார். தாங்கும் என்று அவர் சொல்லவில்லை. பயந்து அழ விடாதீர்கள், திடீர்ச் சத்தம் வேண்டாம், திடுக்கிட வைக்க வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் திரும்பிவிடுவேன். நான் போன முதல் இரண்டு தடவையும் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங் கைலியைக் கட்டித் தொங்கவிட்ட தொட்டில். அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விழித்துக்கொண்டு அழுவான். அழுதால் நீலம் கூடும். அதனால் யாராவது ஒருவர் கை அந்தத் தொட்டிலின் மேல் இருந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது தடவை கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"ஒரு போட்டோ எடுத்துருங்க," என்றாள். "கண்ணத் தொறந்துக்கிட்டு இருக்கிற மாதிரி ஒன்னு. எனக்கு அது போதும்."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "முப்பது நாளு கழியட்டும் மாப்பிள்ளை," என்றார். "எம் மொதப் புள்ளய அப்படித்தான் தோட்டத்துக்கு வந்த போட்டோக்காரன் புடிச்சான். பளிச்சுனு வெளிச்சம் அடிச்சான். எட்டாம் நாளு போயிருச்சு. வேணாம்."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் எடுப்பதே என் பிழைப்பு, படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று என்னிடமே சொன்னால் எப்படி இருக்கும்? பஸ்ஸுக்கு நடந்தேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசுகிறார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் என் கேமராவோடு நண்பனுடையதையும் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பையனுக்கு அன்று பதினெட்டாம் நாள். மாமியார் பத்திய மருந்து வாங்கத் தாப்பாவுக்குப் போயிருந்தார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மனைவி இதையெல்லாம் முன்பே கணக்குப் பண்ணி வைத்திருந்தாள்.

பிள்ளை பெற்ற அறை என்பதால் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் துணி செருகியிருந்தார்கள். வாடைக்காற்று ஆகாது. பையனை வெளியே தூக்கிப் போகவும் வழியில்லை, லயத்தில் பத்து கண் பார்க்கும். பிளாஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை, அவன் திடுக்கிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மனைவி ஒரு ஜன்னல் கதவை மட்டும் ஒரு சாண் அகலம் திறந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே வடிகட்டி வந்த பச்சையான வெளிச்சம் தொட்டில்மேல் விழுந்தது. அவள் ஈரத்துணியால் பையன் முகத்தைத் துடைத்து, கன்னத்தில் மைப் பொட்டு வைத்து, சாரோங்கை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பையன் விழித்திருந்தான்.

"எதுல நல்லா வரும்?" என்று இரண்டு கேமராவையும் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டுலயும் எடுக்கிறேன். எது நல்லா வருதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரு உற்சாகம். வெளிச்சமானியின் முள் எழும்பவே இல்லை. இப்படி ஒரு இருட்டில் இரண்டு கேமராவையும் நாங்கள் சோதித்ததே கிடையாது. என் கேமராவுக்கு எட்டில் ஒரு நொடி, அவனுடையதற்கு முப்பதில் ஒரு நொடி என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கிழிந்த தாவணி போல் மெலிந்து கிடந்த பிள்ளைக்கு முன்னால் நின்று இந்தக் கணக்கைப் போட்டேன்.

முதலில் என் கேமரா. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா அழுவான்."

ஆடட்டும் என்று எடுத்தேன். பிறகு நண்பனின் கேமரா. அதில் லென்ஸ் வழியாகவே பார்த்துத் தெளிவு வைக்க வேண்டும். பையன் முகம் மேலே வந்தது, கீழே போனது. வளையத்தைத் திருப்பத் திருப்ப முகம் கைக்குச் சிக்கவில்லை. அவன் தலைக்குப் பின்னால் பலகைச் சுவரில் ஒட்டிய பத்திரிகைத் தாள் இருந்தது. கறுப்பு எழுத்து, ஆடாமல் அசையாமல். இரண்டு வருஷப் பழக்கம், என் கண் தானாக அங்கே போய்விட்டது. எழுத்துகள் கூர்மையாக நிற்கும்வரை வளையத்தைத் திருப்பினேன். தலைக்கும் சுவருக்கும் ஒரு முழம்தானே, போதும் என்று நினைத்தேன். அந்த லென்ஸை அகலத் திறந்தால் ஒரு விரல் ஆழம்தான் தெளிவாக இருக்கும் என்று நண்பனிடம் நூறு தடவை குறை சொன்னவன் நான்தான். அது நினைவுக்கே வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஒரு தடவை பையன் வாயால் ஏதோ சத்தம் செய்தான்.

"உங்களத்தான் பாக்குறான்," என்றாள் மனைவி.

"ம்," என்றேன். எழுத்துகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமியார் வருவதற்குள் ஜன்னலை மூடிவிட்டோம். வந்தவர் பையன் கன்னத்தில் புது மைப் பொட்டைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், மருந்து அரைக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டு ஃபிலிமையும் கழுவிப் படம் போட்டேன். என் கேமராவில் எடுத்த எல்லாப் படத்திலும் தொட்டில் மேலிருந்து கீழே இழுபட்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக்கையால் துடைத்த சிலேட்டுதான் இருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் சாரோங்கின் விளிம்பைத் தாண்டி ஒரு கை தூக்கியிருப்பது தெரிந்தது. விரல்கள் இல்லை, கை மட்டும். நண்பனின் கேமராப் படங்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினேன். ஒவ்வொன்றாக முகத்தைத் தேடினேன்.

அந்த நேரம் பார்த்து நண்பன் உள்ளே வந்தான். ஈரப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், வழக்கம்போல் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான்.

"அடேய், எங் கேமராவா இது? தேங்கா எண்ண விளம்பரம், பஸ்ஸு நேரம், எல்லாம் படிக்க முடியுது லா. இந்தத் தடவ நாந்தான் ஜெயிச்சேன்." வரிகளை எண்ணத் தொடங்கிவிட்டான். பத்துவரை எண்ணியிருப்பான். "முன்னால வெள்ளையா என்னடா இது, துணியா?"

"எம் பையன்," என்றேன்.

பூதக்கண்ணாடி அவன் கையிலேயே நின்றது. பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பின் மேலேயே கோபமும் வருகிறது. வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவோம். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங்குக்குள் உரித்த தேங்காய் ஒன்றைப் படுக்க வைப்போம். ஒருவன் ஆட்டுவான், ஒருவன் எடுப்பான். ஃபிலிமைக் கூடுதல் நேரம் மருந்தில் ஊறவைத்தால் ஷட்டரை இன்னும் வேகமாக வைக்கலாம், படம் மணல் மணலாக வரும், வரட்டும் என்றான். தொட்டில் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கும், அப்போது அமுக்கு என்றான். சுவரைப் பார்க்காதே, பிள்ளை காதோரம் சாரோங்கின் தையலைப் பார் என்றான். வியாழக்கிழமை கழுவிய ஃபிலிமில் தேங்காயின் மூன்று கண்ணும் தெளிவாக வந்திருந்தன.

"இது போதும் மச்சான்," என்றான். "ஞாயித்துக்கெழம புடிச்சுரலாம்."

வெள்ளிக்கிழமையே துணிப்பையில் இரண்டு கேமராவையும் வைத்துத் தயாராக இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தோட்ட ஆபீஸ் எழுத்தர் கிராணி கடைக்கு டெலிபோன் செய்தார். தவுக்கே எடுத்தார். அவர் என்னைக் கூப்பிடாமல் டார்க்ரூம் வரை தானே நடந்து வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிப் பஸ் ஏறினேன் என்று ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக்கூடத் தாப்பாவில் இறங்கியபோதுதான் கவனித்தேன்.

வீட்டின் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. ஸ்பிரிங் மட்டும் உத்தரத்தில் தொங்கியது. பையனைப் பாயில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தூங்கும்போதே போய்விட்டான் என்றார்கள், அழவே இல்லையாம். மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. லயத்துப் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மாமியார் வந்து என் பையைத் தொட்டார்.

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை," என்றார். "இனிமே என்ன வந்துரப் போவுது? அந்த வெளிச்சம் அடிக்கிறது இருந்தா அதையும் அடிச்சுக்குங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. அது மட்டும் சத்தியம். என் பிள்ளையின் படம் எனக்கு வேண்டும் என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான். நான் பிளாஷ் அடிக்கவில்லை. பையில் கைவிட்டபோது அகப்பட்டது என் சின்னக் கேமராதான். முட்டி போட்டு உட்கார்ந்து ஷட்டரைப் பதினைந்தில் ஒரு நொடிக்கு வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். எதுவும் அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆண்கள் நாலு பேர் போய், தோட்டத்து எல்லையில் இருக்கிற இடுகாட்டில் அவனைப் புதைத்துவிட்டு வந்தோம். அவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சடங்கு அதிகம் கிடையாது.

அந்த மூன்று படத்தையும் நான்தான் கழுவினேன். மருந்துத் தட்டில் முகம் மெல்ல எழும்பி வந்தது. இமை மயிர்களை எண்ணலாம். மைப் பொட்டின் ஓரம் கலைந்திருந்தது தெரிந்தது. துணியின் நெசவு தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு வாய் கிழியப் பேசினேனே, வீட்டுக்குள் இருக்கிற வெளிச்சத்தில் அது எடுத்த படங்களிலேயே தெளிவானது இதுதான். நண்பன் பார்த்தான். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. அன்றோடு எங்கள் சோதனைகள் முடிந்தன. அவன் வீட்டுச் சுவரில் இருந்த பத்திரிகைத் தாளை யார் கிழித்தார்கள் என்று தெரியாது, அடுத்து நான் போனபோது அது இல்லை.

எனக்கு இன்னொரு வேலை உண்டு என்று முதலில் சொன்னேன் அல்லவா? உயிரோடு இருக்கும்போது நல்லதாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. செத்த பிறகு வீட்டார் சவத்தைப் படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். நான் அந்த முகத்தைப் பெரிதாக்கி, நிமிர்த்தி, மூடிய இமையின் மேல் தூரிகையால் கண் வரைவேன். சுவரில் மாட்டி மாலை போட வேண்டும், கண் மூடியிருந்தால் யாருக்கும் மனது ஒப்பாது. "கண்ணு எப்படி இருக்கும்? பெருசா, இடுங்குனதா?" என்று கேட்டுக்கொள்வேன். அவர்கள் சொல்வார்கள், நான் வரைவேன். அப்படியே அப்பாதான் என்று அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். தவுக்கே என் தோளைத் தட்டுவார். எனக்கு அதில் தலைக்கனமே உண்டு.

மனைவி முப்பது கழிந்து புந்தோங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவளிடம் எல்லாப் படத்தையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தேன். பார்த்தாள். பத்திரிகை விளம்பரம் தெரிகிற படங்களைக் கீழே வைத்தாள். பாயில் கிடக்கிற படத்தைக் கவிழ்த்து வைத்தாள். கை தூக்கின மாதிரி இருக்கிற அந்த இழுபட்ட படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "இதுல கைய ஆட்டுறான்," என்றாள். அதைத் தன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

கவிழ்த்து வைத்த படத்தை நான் கடைக்கு எடுத்துப் போனேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கண்ணைத் திறந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு படம். அந்த வித்தை என் கையில் இருக்கிறது, ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவன் என் பிள்ளைக்குச் செய்ய மாட்டேனா என்று நினைத்தேன். முகத்தைப் பெரிதாக்கிப் பலகையில் பொருத்தினேன். தூரிகையை மையில் தொட்டுக்கொண்டு குனிந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவன் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தேங்காய் எண்ணெய் விளம்பரம்தான் வந்தது, அதன் கீழே பஸ் நேரப் பட்டியல் வந்தது. மூன்று நாள் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் வீட்டில் மனைவி கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடையில் வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே மாதிரி, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பையனுக்குக் கண்ணு எப்படி இருந்துச்சு?"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். கோபமில்லை, ஆச்சரியம்தான் அவள் முகத்தில்.

"அன்னிக்கு அவ்வளவு நேரம் நீங்கதானே அவனப் பாத்துக்கிட்டே இருந்தீங்க?" என்றாள்.

கடைக்குப் போய்ப் பலகையிலிருந்து படத்தைக் கழற்றினேன். அதற்குப் பிறகு யார் கேட்டும் நான் கண் வரையவில்லை. தவுக்கே வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கண் மூடியபடியே.